அக்காவின் காலிக் கோப்பு

அக்கா செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குச் சபை அலுவலகத்தில், ஒருவருடைய பாவத்தைப் பாதி தட்டச்சு செய்திருந்த நிலையில், இறந்துபோனாள். பாதி என்று குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. செயலாளர் அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். ‘மேற்படி நபர் தம் மைத்துனரைக் குறித்து’ என்பதோடு எழுத்து நின்றிருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர்.

"மைத்துனரைக் குறித்து என்னன்னு வீட்டுல ஏதாவது சொன்னாங்களா தம்பி?" என்று செயலாளர் கேட்டார்.

"ஆபீஸ் விஷயத்தை அக்கா வீட்டுல பேசமாட்டா சார்."

"யோசிச்சுப் பாருங்க. சீட்டை எங்கே வெச்சாங்கன்னு தெரியல. ஒரு ஆளோட பாவம் அந்தரத்துல நிக்குது."

நாங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றிருந்தோம். அவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்.

எங்கள் சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில் எனக்கு எப்போதும் தடுமாற்றம்தான். கடைசி நாளில் எக்காளம் ஊதும், இறந்தவர்கள் எழுவார்கள், புத்தகங்கள் திறக்கப்படும், செம்மறியாடுகள் வலப்புறமும் வெள்ளாடுகள் இடப்புறமும் நிறுத்தப்படும், இடப்புறம் நின்றவர்கள் அணையாத தீக்குள் போவார்கள் என்று எல்லாச் சபைகளும் நம்புகின்றன. நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. எங்கள் சபை ஒன்றுதான் அதற்கு முன்னேற்பாடு செய்தது.

காரணம், தலைவர். அவர் முப்பத்திரண்டு வருடம் தேர்வுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். "ஒரு லட்சம் பேருக்கு ரிசல்ட் போடவே எங்களுக்கு நாக்குத் தள்ளிடும். ஆதாம்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல போடணும்னா? மேல இருக்கிறவருக்கு நாம கொஞ்சம் ஒத்தாசை பண்ண வேண்டாமா?" என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆண்டுக் கூட்டத்தில் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்படி உருவானதுதான் முன்தீர்ப்புக் குழு. சபையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கோப்பு. யாரும் யாரைப் பற்றியும் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். அக்கா அதைத் தட்டச்சு செய்து உரிய கோப்பில் சேர்ப்பாள். ஆள் இறந்ததும் குழு கூடிக் கோப்பைத் திருத்தும். நீல நாடா கட்டினால் கல்லறைத் தோட்ட நடைபாதைக்கு வலப்புறம். சிவப்பு நாடா கட்டினால் இடப்புறம், சாக்கடைச் சுவரை ஒட்டி. எக்காளம் ஊதும்போது அவரவர் எழுந்து அவரவர் பக்கமாக நடந்துவிடலாம். குறுக்கும் நெடுக்கும் ஓடி இடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் மேல் யாரும் குறை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தான் வலப்புறம் என்பதில் ஒவ்வொருவருக்கும் உறுதி இருந்தது. இடப்புறம் யார் யார் என்பதில் அதைவிட உறுதி இருந்தது. ஒரே ஒருமுறைதான் சலசலப்பு வந்தது. நரகத்தின் தீ நிஜத் தீயா, உவமையா என்று மூன்று வருடத்துக்கு முன் சபை மூப்பர்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நிஜம் எட்டு, உவமை மூன்று. உவமைக்குக் கை தூக்கிய மூன்று பேருடைய கோப்புகளும் அந்த வாரத்திலேயே தடித்துவிட்டன. அக்காவுக்கு அந்த வாரம் விரல் வீங்கியிருந்தது.

என் அம்மா வலப்புறம் ஆறாவது வரிசையில் இருக்கிறாள். ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து போனவள். சாப்பாடு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் அக்காதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் விட்டிருந்ததை அக்கா பார்த்தாள். "என்னை இங்கயே போட்டுடுடா. அவ தண்ணி கேட்டா வேற யாரு எழுந்திருப்பா?" என்றாள். அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க" என்றார் பிணவறை ஊழியர். "இங்க பெட்டி கம்மி. ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க."

புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குழுவின் அறைக்குப் போனேன். சுவர் ஓரமாக இரும்பு அலமாரிகள். எதிர்ச் சுவரில் நரகத்தின் பெரிய வண்ணப்படம். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டரை வரவழைத்துத் தீக்கு மட்டும் புது வண்ணம் பூசுவார்கள். அதில் வேகும் ஆட்களில் ஒருவருக்கு, வேறு சபைக்குப் போய்விட்ட பழைய பாடகர் குழுத் தலைவரின் மூக்கு இருந்தது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டார்கள்.

தலைவர் நடுவில். வலப்பக்கம் செயலாளர். இடப்பக்கம் போதகர், எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவதற்காகப் பேனா மூடியைத் திறந்தே வைத்திருப்பவர்.

செயலாளர் அக்காவின் கோப்பை எடுத்தார். கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு குண்டூசி விழுந்தது.

"பதினோரு வருஷம்" என்றார் தலைவர். "ஒரு சீட்டு கூட வரலையா?"

"வரல ஐயா. அவங்களைப் பத்தி எழுதினா அவங்கதானே டைப் அடிக்கணும்? ஜனங்க சங்கடப்பட்டிருப்பாங்க."

"இல்லைன்னா" என்று நான் ஆரம்பித்தேன். சொல்லலாமா என்று தெரியவில்லை. "எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லாமலும் இருந்திருக்கலாம்."

போதகர் பேனா மூடியை மூடினார். "தம்பி, பாவமே இல்லாத மனுஷன் இருக்கான்னு சொல்றீங்களா? அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? துக்கத்துல பேசிட்டீங்கன்னு எடுத்துக்கிறேன். இல்லைன்னா உங்க கோப்புல ஏத்த வேண்டி வரும்."

"அப்போ நல்ல காரியங்களை வெச்சு முடிவு பண்ணலாமே ஐயா? அம்மாவை ஆறு வருஷம்..."

"அதுக்குத் தனிப் படிவம்" என்றார் செயலாளர். "அது அச்சடிக்கல. இது வரைக்கும் யாரும் கேட்கல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க. வெள்ளைத் தாள் கொடுத்துட்டு ஒருத்தன் பாஸ் பண்ண முடியுமா? முடியாது. வெள்ளைத் தாளுக்கு ஃபெயில் போடலாமா? அதுவும் முடியாது, திருத்துறதுக்கு ஒண்ணும் இல்லையே. இந்த மாதிரி ஆளுங்கதான் எங்களுக்குத் தலைவலி. பாவத்துல மூணு தரம் இருக்கு. சிறுசு, நடுத்தரம், பெருசு. சிறுசு கணக்குல சேராது. பெருசுன்னா இடப்புறம். நடுத்தரம்னா ஒரு சாட்சி இருந்தா மன்னிச்சு நீல நாடா. மன்னிக்கிறதுக்குன்னே இருக்கிறது நடுத்தரம். உங்க அக்காவை மன்னிக்க நாங்க ரெடி. எதுக்குன்னு மட்டும் நீங்க சொல்லணும்."

"நானா?"

"கூடப் பிறந்தவரைவிட நல்ல சாட்சி யாரு? ஒரு நடுத்தரப் பாவம் கொண்டு வாங்க. அம்மா பக்கத்துல இடம் அப்படியே இருக்கு."

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடு போட்டேன். தேதி, பாவம், தரம். வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் எந்த வேலையையும் இப்படித்தான் தொடங்கச் சொல்வார்கள். அக்காவோடு இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். வியாழக்கிழமை காலைக்குள் நான்கு சேர்ந்தன. கசப்பு மாத்திரையை மிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னது. பிரசங்கத்தில் தூங்கியது. என் சட்டையை இஸ்திரி போடும்போது கருக்கிவிட்டுப் பூனைமேல் பழி போட்டது. செயலாளரைக் குண்டூசி டப்பா என்று சொன்னது.

முதல் மூன்றையும் தலைவர் ஒவ்வொன்றாக அடித்தார். "சிறுசு. சிறுசு. இது என்ன, பூனையா? தம்பி, நாங்க நித்திய அக்கினியைப் பத்திப் பேசிகிட்டிருக்கோம்."

நான்காவதைப் பார்த்ததும் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ சொன்னாங்க?"

"போன வருஷம் இருக்கும் சார். விளையாட்டா."

"விளையாட்டாவா? கீழே கிடக்கிற குண்டூசியைப் பொறுக்கி வெச்சா தப்பா? ஐயா, இது ஊழியக்காரரை நிந்திக்கிறது. பெருசு. சிவப்பு நாடா."

"உட்காருங்க" என்றார் தலைவர். "இதுக்கெல்லாம் சிவப்புன்னா இடப்புறம் இடம் பத்தாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற கொண்டு வாங்க. ஒண்ணு சொல்றேன். நான் யாரையும் நரகத்துக்கு அனுப்புறதில்லை. அனுப்புறது அவரு. நான் வரிசையில நிறுத்துறேன், அவ்வளவுதான். அங்க அவங்க வேகுறதைப் பார்க்கணும்னு எனக்கு ஆசையா? கிடையாது. என் கல்லறையைக் கொஞ்சம் உயரமா, இடப்பக்கம் பார்த்த மாதிரி கட்டி வெச்சிருக்கேன், வாஸ்தவம்தான். அது காத்துக்காக."

வெளியே வந்ததும் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தி, அக்கா ஏதாவது தப்பு பண்ணியிருக்காளா?"

"என்னடா கேள்வி இது?"

விஷயத்தைச் சொன்னேன். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவ தங்கம்டா. எங்க அக்காவை அவ பார்த்துகிட்ட மாதிரி என் வயித்துல பிறந்ததுங்க என்னைப் பார்க்குமா? அவளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னா என் நாக்கு அழுகிடும். போ, அந்தக் கிழவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

நான் போய்ச் சொல்லவில்லை. சித்தியின் கோப்பும் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிணவறை ஊழியர் ஆள் விட்டுக் கேட்டார். நாளை எடுக்கிறீர்களா, இல்லையா?

அன்று சாயங்காலம் நான் குழுவிடம் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், உண்மையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அம்மா இறப்பதற்கு முந்தைய வருடம் ஒரு மத்தியானம். அம்மா வாயைத் திறக்க மறுத்தாள். அக்கா கெஞ்சினாள், பாட்டுப் பாடினாள், தன் வாயைத் திறந்து காட்டினாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு முகம் கழுவி, சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அம்மா சாப்பிட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு எழுந்திருக்கவில்லை.

குழுவிடம் நான் சொன்னது இது. "ஒருநாள் மத்தியானம் அக்கா கோபத்துல அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்காம தட்டை எடுத்துகிட்டுப் போயிட்டா."

தலைவர் மெதுவாகத் தலையாட்டினார். நல்ல விடைத்தாள் ஒன்று கைக்கு வந்தவரைப் போல இருந்தார்.

"ஒருநாள்தானே?"

"ஒரே ஒருநாள்."

"நடுத்தரம்" என்றார். "அழகான நடுத்தரம். பெத்த தாய், படுக்கை, பசி. மன்னிக்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? பார்த்தீங்களா, முயற்சி பண்ணினா எல்லார்கிட்டயும் இருக்கும்." அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். போதகர் கையெழுத்துப் போட்டார். செயலாளர் நீல நாடாவை அளந்து வெட்டினார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அடக்கம். ஏறக்குறைய சபை முழுவதும் வந்திருந்தது. குழிவெட்டும் அண்ணன் அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் சுத்தமாக வெட்டி வைத்திருந்தார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு முழம் மண்கூட இருக்காது. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

சான்றிதழை மண் போடுவதற்கு முன் உரக்கப் படிப்பது வழக்கம். அதை நான் மறந்துபோயிருந்தேன். மறந்திருந்தேன் என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "இன்னார், பதினோரு ஆண்டு சபை ஊழியத்தில் இருந்தவர், நோயுற்ற தம் தாய்க்கு உணவு மறுத்த பாவத்தை, உடன்பிறந்தவரின் சாட்சியத்தின் பேரில், குழு மன்னித்து வலப்புறம் அனுப்புகிறது."

ஒரு குழந்தை தன் அம்மாவிடம், "டைப் அக்கா சாப்பாடு தரமாட்டாங்களா?" என்று கேட்டது. அது சபைக்கு வரும்போதெல்லாம் அக்காவின் மேஜைக்குக் கீழேதான் விளையாடும். அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தினாள்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். வாசலுக்கு வரும்போது எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. உங்க அம்மா குரல் சுவத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். நான்தான் வாயை மூடிகிட்டு இருந்தேன்."

"அது வலியில கத்துறது அம்மா. முதுகுப் புண்ணு."

"பசியில கத்துறதுக்கும் வலியில கத்துறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மூணு பிள்ளை பெத்தவ நான்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் சீட்டுப் பெட்டிக்குப் போவதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் சித்தி நின்றிருந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"சித்தி, நீங்கதானே தங்கம்னு சொன்னீங்க?"

"சொன்னேன்டா. தெரியாம சொன்னேன்." சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க அக்கா கடைசியில எவ்வளவு இளைச்சுப் போனா! ஒரு கைக்குள்ள அடங்குற மாதிரி. அப்பவே எனக்கு மனசுக்குள்ள உறுத்துச்சு. இப்போதான் காரணம் புரியுது."

"அது கேன்சர் சித்தி!"

"நீயே சொல்லிட்டு இப்போ அவளைக் காப்பாத்தப் பார்க்கிறியா? பெத்தவளைவிட அக்கா பெருசாப் போச்சா உனக்கு?"

திங்கட்கிழமை கடிதம் வந்தது. புதிய தட்டச்சர் இன்னும் அமையாததால் செயலாளரே கையால் எழுதியிருந்தார். விவரம் மூன்று வரிதான். சாட்சிகள் மூவரானதாலும், சம்பவம் பலமுறை நிகழ்ந்ததாக இருவர் கூறுவதாலும், மறுமதிப்பீட்டில் பாவம் நடுத்தரத்திலிருந்து பெருசுக்கு மாற்றப்படுகிறது. பாதிக்கப்பட்டவரும் பாதித்தவரும் பக்கத்துப் பக்கத்தில் எழுவது ஒழுங்குக்கு ஏற்றதல்ல. புதன்கிழமை காலை இடமாற்றம்.

செவ்வாய்க்கிழமை நான் குழுவின் முன் நின்று, சொன்னது பொய் என்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அடுப்படி, சாத்திய கதவு, சூடு பண்ணிய சாப்பாடு, எழுந்திருக்காத நான். பேசப் பேச என் குரல் உயர்ந்துகொண்டே போனது. வாழ்க்கையில் நான் அதிகாரிகள் முன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ஆக, நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா ஐயா."

"நீங்க பொய் சொல்றவர்னு நான் நம்பணும்."

"ஆமா."

"பொய் சொல்றவர் இப்போ வந்து சொல்றதை நான் எப்படி நம்புறது?"



"அதுவும் போக," என்றார் செயலாளர், "நீங்க ஒருத்தர்தான் நடக்கலைங்கிறீங்க. நடந்துச்சுன்னு ரெண்டு பேர் கண்ணீரோட சொல்றாங்க."

"அவங்க யாரும் பார்க்கல சார். நான் சொன்னதை நீங்க படிச்சீங்க. நீங்க படிச்சதைக் கேட்டுட்டு அவங்க சொல்றாங்க."

"தம்பி" என்று போதகர் முதல்முறையாக வருத்தத்தோடு பேசினார். "விசுவாசம் கேள்வியினால, அதாவது காதால கேட்கிறதாலதானே வரும்னு வேதத்துல இருக்கு? அப்புறம் என்ன?"

"என்னை இடப்புறம் போடுங்க. பொய்ச்சாட்சி சொன்னதுக்கு. அக்காவை அங்கயே விடுங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு நாங்க ரிசல்ட் போடுறதில்லை" என்றார் தலைவர். "விதின்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு நீங்க வர வேண்டாம், மனசு கஷ்டப்படும். நான் போவேன். எனக்குப் பழக்கம். ரிசல்ட் அன்னிக்கு எத்தனை பேர் கேட்டுக்கு வெளிய அழுதிருக்காங்க தெரியுமா? நான் ஒருநாளும் ஜன்னலைச் சாத்தினதில்லை."

நான் போனேன். குழிவெட்டும் அண்ணன் ஈர மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"பதினெட்டு வருஷமா வெட்டுறேன் தம்பி. மூடினதைத் திறக்கச் சொன்னது இதான் முதல் தடவை. எழுப்புறது மேல இருக்கிறவர் வேலைன்னு நெனச்சுகிட்டிருந்தேன்."

"நிறுத்த முடியாதா அண்ணே?"

"நான் நிறுத்தினா வேற ஆளை வெச்சு வெட்டுவாங்க. அவன் மண்வெட்டியைப் பெட்டிமேல போடுவான். நான் பார்த்து எடுப்பேன்."

பார்த்துத்தான் எடுத்தார். நடைபாதையைத் தாண்டும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். தலைவர் தம் உயரமான கல்லறையின் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காற்று நன்றாகத்தான் வந்தது. சாக்கடைச் சுவர் ஓரம் தோண்டிய குழியில் அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. அண்ணன் வாளியால் இறைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினார்.

அம்மாவின் பக்கத்தில் இப்போது பெரிய பள்ளம். எழுபத்தாறு அடி தூரத்தில் அக்கா. டேப் வைத்து அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அன்று முழுவதும் யோசித்தேன். அக்காவை மறுபடி வலப்புறம் கொண்டுவர முடியாது. சாட்சி சொன்னவர்கள் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு இப்போது அது உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறது. கணக்கு வகுப்பில் சொல்வார்கள், சமன்பாட்டின் ஒரு பக்கம் அசையாவிட்டால் மறுபக்கத்தைப் பார் என்று.

வியாழக்கிழமை செயலாளரிடம் போனேன்.

"ஏற்கனவே வலப்புறம் இருக்கிறவங்களை இடப்புறம் மாத்தணும்னா என்ன வேணும் சார்?"

"பெருசு ஒண்ணு, மூணு சாட்சி. ஏன், யாரு?"

"எங்க அம்மா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து, ஒரு குண்டூசியோடு நீட்டினார். "இப்போதான் தம்பி நீங்க சபைக்குள்ள வந்திருக்கீங்க" என்றார். "அம்மாவாச்சே, அக்காவாச்சேன்னு பார்த்தா நியாயம் நடக்குமா?"

அங்கேயே நின்று எழுதினேன். ‘மேற்படி நபர் படுக்கையில் இருந்தபோது, தமக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகளின் முகத்தில் தட்டை எறிந்தார்.’ பிறகு யோசித்து, ‘பலமுறை’ என்று நானே சேர்த்தேன். எப்படியும் யாராவது சேர்க்கப்போகிறார்கள். இன்னொரு மறுமதிப்பீட்டுக்குக் குழிவெட்டும் அண்ணனை வேலை வாங்க எனக்கு மனமில்லை.

அம்மா நடக்க முடியாதவள். கடைசி இரண்டு வருடம் அவளால் கையில் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். முறை வைத்துப் பார்க்க வந்தவர்கள்தான் எல்லாரும். அதனால் மூன்று சாட்சி கிடைப்பது கஷ்டம் என்று நினைத்தேன். யார் யாரிடம் கெஞ்சுவது, எப்படிக் கெஞ்சுவது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் படிவத்தை வாசித்தார். "இதைப் பற்றி அறிந்தவர்கள் அலுவலக வாசலுக்கு வரவும்" என்றார். நான் மேஜை போட்டுப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது சித்தி. "எங்க அக்காவுக்குச் சின்ன வயசுலயே கை நீளம்டா. என்மேலயும் எறிஞ்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். அடுத்தது தையல்கார அம்மா. தட்டு விழும் சத்தம் அவருக்குச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது. பித்தளைத் தட்டு என்றுகூடச் சொன்னார். மூன்றாவது ஆளும் எழுதி முடித்தபோது, போதும் என்று சொல்லத் தலையைத் தூக்கினேன். வரிசை படிக்கட்டு இறங்கி வாசல் வரைக்கும் நின்றது. எண்ணினேன். பதினொரு பேர் மிச்சம் இருந்தார்கள். வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, அமைதியாக, யாரும் யாரையும் முந்தாமல் நின்றார்கள்.

கடைசியாக நின்றவர் போன மாதம்தான் சபையில் சேர்ந்தவர்.

"உங்களுக்கு எங்க அம்மாவைத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி" என்றார் அவர். "அதனாலதான் பாரபட்சம் இல்லாம சொல்ல முடியும்."

அவருக்கும் ஒரு படிவம் கொடுத்தேன்.